பழவேற்காட்டின் இரு கரைகள்: ஒத்த வாழ்க்கை, வேறுபடும் சுகாதாரக் கணக்கு

சூளூர்பேட்டை: ஆந்திரப் பிரதேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான பழவேற்காடு ஏரியின் தென்புறத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர்கள் வாழ்கின்றனர். ஏரியின் மறுபுறம், திருப்பதி மாவட்டத்தின் சூளூர்பேட்டை, தடா வட்டாரங்களில் யானாதிகள் வாழ்கின்றனர். ஆழமற்ற நீரில் இறால், நண்டு, மீன் பிடிப்பது, வயல்களில் எலி பிடிப்பது, பருவத்துக்கேற்ப கூலி வேலைக்குச் செல்வது என இரு சமூகங்களின் பிழைப்பும் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால் மத்திய அரசின் பட்டியலில் இருளர்கள் ‘குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினர்’. யானாதிகள் பட்டியல் பழங்குடியினர் மட்டுமே.

இந்த வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. நடமாடும் மருத்துவ ஊர்தி எந்தக் குடியிருப்புக்குச் செல்லும், குடிநீர் இணைப்பும் உறுதியான வீடும் எங்கு முதலில் வரும் என்பதை இத்தகைய வகைப்பாடுகளே தீர்மானிக்கின்றன.

பட்டியல் வகுத்த எல்லை

அரசமைப்புச் சட்டத்தின் 342ஆவது பிரிவின்படி, பழங்குடியினர் பட்டியல் மாநிலவாரியாக அறிவிக்கப்படுகிறது. யானாதிகள் ஆந்திரத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். தமிழ்நாட்டின் பட்டியலில் அவர்களின் பெயர் இல்லை. வேலை தேடி ஆரம்பாக்கம் எல்லையைக் கடக்கும் ஒரு யானாதிக் குடும்பம், சில கிலோமீட்டர் தொலைவிலேயே பழங்குடியினர் என்ற தகுதியின் பலனை இழந்துவிடக்கூடும்.

நாட்டில் 75 சமூகங்கள் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினராக அடையாளம் காணப்பட்டுள்ளன. 1975இல் 52 சமூகங்களும் 1993இல் மேலும் 23 சமூகங்களும் சேர்க்கப்பட்டன. குறைந்த எழுத்தறிவு, பொருளாதாரப் பின்தங்கல், வேளாண்மைக்கு முந்தைய வாழ்க்கைமுறை, பெருகாத அல்லது குறைந்துவரும் மக்கள்தொகை ஆகியவை அதற்கான அளவுகோல்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றுபட்ட ஆந்திரத்தில் யானாதிகளின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் அதிகம். வறுமை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், கடைசி அளவுகோல் அவர்களுக்கு எளிதில் பொருந்தாது.

2023 நவம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட பி.எம். ஜன்மன் திட்டத்துக்கு சுமார் ரூ.24,104 கோடி ஒதுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நடமாடும் மருத்துவப் பிரிவுகள் உட்பட 11 வகைப் பணிகளைக் கொண்ட இத்திட்டம் அந்த 75 சமூகங்களுக்கே உரியது. 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ‘தர்தி ஆபா’ பழங்குடியினர் கிராம மேம்பாட்டுத் திட்டம் மற்ற பழங்குடியினரையும் உள்ளடக்குகிறது. எனினும், 500 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் அதில் பாதிக்குக் குறையாத பழங்குடியினரும் உள்ள கிராமங்களே அதன் முதன்மை இலக்கு. முன்னேற விழையும் மாவட்டங்களில் 50 பழங்குடியினர் இருந்தாலே போதும் என்ற தளர்வு உண்டு. திருப்பதி அந்த மாவட்டங்களின் பட்டியலில் இல்லை. பிற சமூகத்தினர் பெரும்பான்மையாக வாழும் ஊரின் விளிம்பில், முப்பது நாற்பது குடும்பங்களாக வாழும் யானாதிக் குடியிருப்பு இந்த வரையறைக்குள் வருவது கடினம்.

சமவெளிப் பழங்குடியினரின் சிக்கல்

இச்சிக்கல் சூளூர்பேட்டைக்கு மட்டும் உரியதன்று. மருத்துவர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் வெளியிட்ட பழங்குடியினர் சுகாதார அறிக்கை, நாட்டின் பழங்குடியினரில் ஏறத்தாழ பாதிப் பேர் பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள 809 வட்டாரங்களுக்கு வெளியே சிதறி வாழ்வதைச் சுட்டிக்காட்டியது.

பொது சுகாதாரக் கட்டமைப்போ நிலப்பகுதியை அடிப்படையாகக் கொண்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய நெறிமுறை. மலை மற்றும் பழங்குடியினர் பகுதிகளில் இது முறையே 3,000, 20,000 எனக் குறைகிறது. ஆஷா பணியாளர்களைப் பொறுத்தவரை, சமவெளியில் 1,000 பேருக்கு ஒருவர். பழங்குடியினர் பகுதிகளில் குடியிருப்புக்கு ஒருவர் என்ற அளவுக்குத் தளர்த்தலாம். ஆந்திரத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் வடக்கே உள்ள மலை மாவட்டங்களில் அமைந்துள்ளன. பழைய நெல்லூர், சித்தூர் மாவட்டங்களில் அத்தகைய பகுதி எதுவும் இல்லை. எனவே, யானாதிகள் பழங்குடியினராக இருந்தும், அவர்கள் வாழும் இடம் ‘பழங்குடியினர் பகுதி’ ஆவதில்லை.

இதன் விளைவு எதில் வெளிப்படும் என்பதற்கு நாடு தழுவிய தரவுகள் குறிப்பளிக்கின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்போர் 41.9. பழங்குடியினரிடையே இது 50.3. நிபுணர் குழுவின் அறிக்கையில், நுரையீரல் காசநோய்ப் பரவல் பழங்குடியினரிடையே ஒரு லட்சம் பேருக்கு 703 என்றும், மற்றவர்களிடையே 256 என்றும் மதிப்பிடப்பட்டிருந்தது. இவை எல்லாப் பழங்குடியினரையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரிகள். இதற்கு மேல், வயலிலும் நீரிலும் உழைப்போருக்குப் பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் போன்ற தொழில்சார் அபாயங்களும் உள்ளன.

தொலைவைவிடப் பெரிய தடை

சூளூர்பேட்டை ஒதுக்குப்புறமான ஊர் அன்று. சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில், தேசிய நெடுஞ்சாலையிலும் ரயில் பாதையிலும் அமைந்த நகரம் இது. 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இதுவே நுழைவாயில். விண்வெளி மையம் அமைவதற்கு முன்பு, அத்தீவின் காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்தவர்களில் யானாதிகளும் அடங்குவர். 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தபோது, நிர்வாகத் தலைமையகமும் மாறியது.

எனவே இங்கு மருத்துவமனையின் தொலைவைவிட, குடியிருப்புக்கும் சுகாதார அமைப்புக்கும் இடையிலான தொடர்பே முக்கியமானது. ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2007இல் ஆரோக்யஸ்ரீ என்ற பெயரில் தொடங்கி, தற்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என்ற பெயரில் இயங்குகிறது. அத்தகைய திட்டத்தில் தகுதியை நிறுவ அட்டை வேண்டும். வேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களிடம் பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ இல்லாதபோது, இலவச சிகிச்சையும் எட்டாததாகிவிடுகிறது.

2023 ஏப்ரலில் மாநில அரசு தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாதம் இருமுறை கிராமத்துக்கு வர வேண்டும். மருத்துவர் வரும் நாளில் நோயாளி கூலி வேலைக்குச் சென்றிருந்தால், அந்த வருகையால் பயனில்லை. யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டது, யார் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார் என்பதை அறிந்தவர் அதே குடியிருப்பில் இருந்தாக வேண்டும்.

உள்ளிருந்து வரும் பணியாளர்

இதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரிகள் உள்ளன. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைப் பராமரிக்கும் முறை சோதிக்கப்பட்டது. அதன் மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கில் 1993 முதல் இயங்கும் பழங்குடியினர் சுகாதார அமைப்பும் உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக உருவாக்கியது.

ஆஷா நியமனத்துக்கு முதலில் எட்டாம் வகுப்பும், பின்னர் பத்தாம் வகுப்பும் கல்வித் தகுதியாக வைக்கப்பட்டன. கட்சிரோலியில் பணியாற்றியவர்களோ ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பள்ளியில் படித்த பெண்கள். தகுதியுடையவர் கிடைக்காத இடத்தில் கல்வி நிபந்தனையைத் தளர்த்த ஆஷா வழிகாட்டுதல்களே இடமளிக்கின்றன. குடியிருப்புக்கு ஒருவர் என்ற தளர்வையும் சேர்த்து, சமவெளியில் உள்ள பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு விரிவுபடுத்தினால், யானாதிப் பெண்களே தங்கள் குடியிருப்பின் சுகாதாரப் பணியாளர்களாக முடியும். இதற்குப் பழங்குடியினர் பட்டியலைத் திருத்த வேண்டிய தேவையும் இல்லை.

சிறப்புப் பட்டியலில் சேர்க்கக் கோருவது நீண்ட பாதை. 1993க்குப் பிறகு அப்பட்டியல் விரிவடையவில்லை. அதற்குள், சிதறிய குடியிருப்புகளைத் தனித்தனி அலகுகளாகக் கணக்கிடும் வாய்ப்பு நெருங்கி வருகிறது. நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஊரின் விளிம்பிலும் ஏரிக்கரையிலும் உள்ள குடிசைகள் அதில் முழுமையாக இடம்பெறுவதைப் பொறுத்தே, அடுத்த பத்தாண்டுகளுக்கான ஊர்தியும் பணியாளரும் எங்கு செல்வர் என்பது அமையும்.