பல்கலைக்கழக ஊழியர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு: முடிந்த பின் யார் வருகிறார்கள்?

‘பாதுகாப்பு’ என்பது வடக்கிலும் கிழக்கிலும் நல்ல பெயர் எடுத்த சொல்லல்ல. உயர் பாதுகாப்பு வலயம் என்றால் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று பொருள். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் போனவர்கள் மீதும் செல் விழுந்தது. ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் அதனை நம்பகமான குற்றச்சாட்டாகப் பதிவு செய்தது. எனவே பல்கலைக்கழகமொன்றின் அறிவித்தல் பலகையில் ‘ஊழியர் நலனும் வேலைத்தளப் பாதுகாப்பும்: ஒருநாள் பயிற்சி’ என்று ஒட்டப்பட்டிருந்தால், அதைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் சற்றுத் தயங்குவதில் வியப்பில்லை.

பல்கலைக்கழகம் என்ற இடத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் தனிக்கதை ஒன்று உண்டு. யாழ். மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15ஆம் திகதி கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டார். 1990 செப்டெம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்கள் இராணுவத்தால் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்பவேயில்லை. இவற்றையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பும் தடுத்திருக்காது. ஆனால் இந்த வளாகங்களில் வேலை செய்பவர்களிடம் ‘வேலைத்தளம் பாதுகாப்பானதா?’ என்று கேட்பவர், அந்தக் கேள்வி எந்த மண்ணில் விழுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இப்போது வகுப்புக்கு வருவோம். இத்தகைய பயிற்சிகளில் வழமையாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று நலன்: மன அழுத்தம், மூச்சுப்பயிற்சி, யோகாசனம், நீரிழிவு, கணினிக்கு முன்னால் எப்படி உட்காருவது. மற்றையது பாதுகாப்பு: தீயணைப்புக் கருவி, முதலுதவி, மின்சாரம், இரசாயனங்கள். நடுவில் தேநீர். முடிவில் சான்றிதழ், குழுப்படம். இதை நக்கலடிப்பது சுலபம், ஆனால் சொல்லப்படும் விடயங்கள் வீணானவையல்ல. எரியும் மின்கருவி மீது தண்ணீர் ஊற்றக்கூடாது, காபனீரொட்சைட்டுக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அமிலத்தை ஐதாக்கும்போது தண்ணீருக்குள் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல. கண்ணில் இரசாயனம் தெறித்தால் உடனடியாக ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், வைத்தியசாலைக்கு ஓடுவது அதற்குப் பிறகுதான். இவை தெரியாமல் ஒருவர் பார்வையை இழக்கலாம். ஓர் அரைநாளில் இவற்றைக் கற்றுக்கொடுத்துவிடவும் முடியும்.

மூச்சுப்பயிற்சியும் எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர்க்காலத்திலேயே சாந்தியாசனம், மூச்சில் கவனம், அவரவர் சமயத்துக்கேற்ற செபம் ஆகியவற்றை உளப்பணியாளர்களுக்குக் கற்பித்தவர். ஆனால் அவருடைய எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து வேறொன்று. எங்களுக்கு நடந்தது தனியாள் காயம் மட்டுமல்ல, அது குடும்பத்தையும் ஊரையும் அவற்றுக்கிடையிலான நம்பிக்கையையும் பிய்த்தெறிந்த கூட்டுக்காயம். வடக்கின் கூட்டு மனவடு பற்றி 2007இல் வெளியான அவருடைய ஆய்வு இதைத்தான் வலியுறுத்துகிறது. அப்படிப்பட்ட சமூகத்தில் ‘உங்கள் அழுத்தத்தை நீங்களே கையாளுங்கள்’ என்று மட்டும் சொல்லும் வகுப்பு பாதி மருந்துதான்.

பாதுகாப்பு வகுப்பொன்று உண்மையாகவே வேலை செய்ததை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் தேவைப்படவில்லை. மீள்குடியேற்றக் காலத்து மிதிவெடி அபாயக் கல்வியைத்தான் சொல்கிறேன். மரநிழலிலும் பள்ளிக்கூடத்திலும் தெருநாடகமாகவும் அது நடந்தது. எங்கள் மொழியில், எங்கள் காணியைப் பற்றி, எங்கள் விறகுப் பாதையைப் பற்றிப் பேசியது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகையை நான்கு வயதுப் பிள்ளையும் அடையாளம் கண்டது. ஆனால் அந்த வகுப்புக்கு மதிப்பிருந்ததற்குப் பேச்சு மட்டும் காரணமல்ல. வேலிக்கரையில் சந்தேகமான பொருளொன்றைக் கண்டு அறிவித்தால் ஆள் வந்தது. பலகை நட்டது. நாடா கட்டியது. தாமதமானாலும் பிறகு ஒருநாள் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி அதை எடுத்தது. 2017 டிசெம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அது நடைமுறைக்கு வந்த 2018 ஜூன் 1இலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும் என்பது அதன் கடப்பாடு. ‘கவனமாக நடவுங்கள்’ என்று மக்களிடம் சொல்லிவிட்டு வெடியை மண்ணிலேயே விட்டுவைப்பதை எவரும் கண்ணிவெடிச் செயற்பாடு என்று அழைத்ததில்லை.

வேலைத்தளப் பாதுகாப்புத் துறையும் இதே ஒழுங்கைத்தான் சொல்கிறது. முதலில் ஆபத்தை அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றாக வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, காற்றோட்டம் போன்ற பொறியியல் ஏற்பாடு. அதன் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். கடைசியாகக் கையுறையும் முகக்கவசமும். பயிற்சி வகுப்பின் இடம் கீழிருந்து இரண்டாவது படி. எங்கள் நிறுவனங்களிலோ முதற்படியும் கடைசிப் படியும் அதுவே.

உடற்கூற்றியல் ஆய்வுகூடத்தை எடுத்துக்கொள்வோம். உடலங்களைப் பேணப் பயன்படும் போமலினில் இருந்து வெளிவரும் போமல்டிகைட்டு வாயுவை, சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தும் பொருட்களின் முதலாவது குழுவில் சேர்த்திருக்கிறது. அந்த அறைக்குள் மாணவர் சில மணிநேரம் நிற்பார், விரிவுரையாளர் இன்னும் கொஞ்சம். ஆய்வுகூட உதவியாளரோ ஓய்வுபெறும்வரை நிற்பார். அவருக்கு வகுப்பில் ‘முகக்கவசம் அணியுங்கள்’ என்று சொல்லலாம். ஆனால் சாதாரணத் துணிக்கவசமோ சத்திரசிகிச்சைக் கவசமோ வாயுவைத் தடுக்காது. அவருக்குத் தேவை வேலை செய்யும் வெளியேற்றும் விசிறி. அந்த விசிறி பழுதானால் யாருக்கு அறிவிப்பது, எத்தனை நாளில் திருத்த வேண்டும், திருத்தும்வரை அறையைப் பூட்டுவதற்கு யாருக்கு அதிகாரம்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் வகுப்பு அவருக்குக் கொடுப்பது தனக்கு என்ன நோய் வரலாம் என்ற அறிவை மட்டும்தான்.

வகுப்பு மண்டபத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். விரிவுரையாளர்களுக்குப் பணியாளர் அபிவிருத்தி நிலையங்களூடாகப் பயிற்சி கிடைக்கும். நிர்வாக அலுவலர்களும் எழுதுவினைஞர்களும் இடைக்கிடை அழைக்கப்படுவார்கள். கூரையில் ஏறுபவர், காண் துப்புரவாக்குபவர், புல் வெட்டுபவர், இரவில் வாயிலில் நிற்பவர் ஆகியோர் எங்கே? இவர்களில் பலர் கொந்தராத்து நிறுவனங்களின் ஆட்கள். நாட்சம்பளம். ஒருநாள் பயிற்சிக்கு வந்தால் அன்றைய சம்பளத்தை யார் கொடுப்பது என்பதே முதற்கேள்வியாகிவிடும். ஆனால் ஆபத்து அவர்களிடம்தான் அதிகம். பழைய கல்நார்த் தகட்டில் துளையிடும்போது எழும் தூசை மூச்சில் இழுப்பவர் அவர். பம்பைமடுவிலோ அறிவியல் நகரிலோ மழைக்குப் பின் முழங்காலளவு புல்லுக்குள் இறங்கும்போது புடையன் பாம்பை மிதிக்கக்கூடியவரும் அவரே. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தபோது, வெள்ளநீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கே ஆபத்து என்று சுகாதாரத்துறை எச்சரித்தது. ஒரு சோடி றப்பர் சப்பாத்து இங்கு ஒருநாள் வகுப்பைவிடப் பெறுமதியானது.

அடுத்தது உடல்கள். பாதுகாப்புப் பாடங்கள் எல்லாம் இரண்டு காலும் இரண்டு காதும் சரியாக இயங்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எங்கள் வளாகங்களில் வேலை செய்பவர்களிடையே செயற்கைக்காலோடு மூன்றாம் மாடிக்கு ஏறுபவர் இருக்கலாம். செல் அதிர்வில் ஒரு காது மந்தமானவர் இருக்கலாம். அவசர மணி அவருக்குக் கேட்காது, ஒளிரும் விளக்கும் சேர்த்துப் பொருத்த வேண்டும். உடலுக்குள் இரும்புத்துண்டோடு வாழ்பவர்கள் காந்தக் கருவிகளுக்கு அருகில் போவதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்படி யாராவது அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் உண்டு. சாய்தளம் போட்டதோடு அந்தக் கடமை முடிந்துவிடுவதில்லை. தீப்பிடித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது என்பது முதல் விதி. அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவரை மேல்மாடியில் இருந்து இறக்குவது யார்? பெயர் குறித்து இருவரிடம் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒத்திகை மணி பற்றியும் சொல்ல வேண்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் வெளியே, திறந்த வெளிக்கு ஓட வேண்டும். எங்களில் ஒரு தலைமுறையின் உடல் இதற்கு நேரெதிராகப் பழக்கப்பட்டது. சத்தம் கேட்டால் உள்ளே, கீழே, பங்கருக்குள். திறந்த வெளி என்றால் சாவு. அறிவித்தல் இல்லாமல் மணியை அடித்துவிட்டு, மேசைக்குக் கீழே குந்தியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரிக்கும் ஒத்திகை, பயிற்சியே அல்ல. நாளையும் நேரத்தையும் முற்கூட்டியே சொல்லி, விரும்பாதவர்கள் அன்று விலகி நிற்கலாம் என்று அனுமதித்து, முதலில் மெல்லிய ஒலியில் தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை.

மன அழுத்தத்துக்கும் போர்தான் முழுக் காரணம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆட்சேர்ப்பு முடங்கியது. படித்தவர்கள் கப்பலேறாத குறையாகப் போனார்கள். மிஞ்சியவர் இருவர் வேலையைச் செய்கிறார், சம்பளத்தின் பெறுமதி குறைந்து போயிருக்கிறது. 2024 மே 2ஆம் திகதி நாடு முழுவதும் தொடங்கிய கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது, சம்பள முரண்பாடு அதன் மையக் கோரிக்கை. அந்த ஊழியர்களைத் திருப்பி அழைத்து ‘கண்ணை மூடுங்கள், ஆழமாக மூச்சு விடுங்கள்’ என்றால் அவர்கள் கண்ணை மூடுவார்கள்தான். வேறு என்ன நினைப்பார்கள் என்பதைக் கேட்கத் தேவையில்லை.

அந்த வகுப்புகளில் சிலவேளை ஒரு படிவமும் தரப்படும். ‘நீங்கள் கடுமையான அதிர்ச்சியை எதிர்கொண்டிருக்கிறீர்களா? தூக்கம் வருகிறதா?’ மேலே பெயரும் பிரிவும் எழுத ஓர் இடம். பெயர்ப் பட்டியல்களுக்கு என்ன நடந்தது என்பதை அறிந்த சமூகம் இது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பதிந்ததை மறக்காதவர், தன் மேலதிகாரி அருகில் அமர்ந்திருக்கும்போது அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்புவாரா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு ‘எமது ஊழியர்களின் உளநலம் நன்று’ என்று அறிக்கை போகும். பாலியல் தொந்தரவு பற்றிய கேள்விகளுக்கும் இதே கதிதான். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கி மூன்று தசாப்தங்கள் ஆகிவிட்டன. முறைப்பாட்டைக் கையாளும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே ஒரு பெண் ஊழியர் பேசுவதா விடுவதா என்று முடிவெடுக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் முதுகெலும்பு. அது பெயருக்கேற்பத் தொழிற்சாலைகளை நோக்கியது. ஆய்வுகூடமும் நூலகமும் கந்தோரும் அதன் வரைவிலக்கணத்துக்குள் எளிதில் அடங்கா. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்து நடந்த பிறகு பேசுவது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் பயிற்சியும் ஆலோசனையும் தருவது. 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்குப் பின்னும் நாட்டின் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தத்தமது நல்லெண்ணத்தில்தான் தங்கியிருக்கின்றன. ஆகவே சட்டத்துக்காகக் காத்திராமல் பேரவைகள் தாமே முடிவெடுக்கக்கூடிய சில விடயங்கள் உண்டு.

ஒவ்வொரு பீடத்திலும் ஒரு விபத்துப் பதிவேடு. அதில் விபத்து மட்டுமல்ல, மயிரிழையில் தப்பியதும் எழுதப்பட வேண்டும். எழுதியவர் மீது நடவடிக்கை இல்லை என்ற எழுத்துமூல உறுதி, பதில் வரவேண்டிய நாள், பதில் வராவிட்டால் அது யாருடைய மேசைக்குப் போகும் என்ற ஒழுங்கு. கொந்தராத்து ஒப்பந்தங்களில் பயிற்சி நேரத்துக்கும் சம்பளம், சப்பாத்து, கையுறை ஆகியவற்றை நிபந்தனையாக்குதல். ஆலோசனை பெற விரும்புபவர் வளாகத்துக்கு வெளியே, பெயர் தெரியாமல் போகக்கூடிய ஓரிடம். தொழிற்சங்கங்களும் சம்பளப் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்தப் பட்டியலையும் வைக்கலாம். இதுவரை பெரிதாக வைத்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வகுப்பைத் தொடங்கும் முறையையும் மாற்றலாம். விரிவுரையாளர் படவில்லைகளைத் திறப்பதற்கு முன்னர், வந்தவர்களை அவரவர் வேலை செய்யும் இடத்துக்கு அரைமணிநேரம் அனுப்பி, ஆபத்தென்று தாம் நினைக்கும் மூன்றைக் குறித்துவரச் சொல்லலாம். துப்புரவுப் பணியாளர் மூன்றுக்கு மேலேயே கொண்டுவருவார். தளர்ந்த படிக்கட்டுக் கைப்பிடி, மூடியில்லாத அமிலப் போத்தல், மின்பிறப்பாக்கி அறைக்குள் சாய்த்து வைத்திருக்கும் பழைய கடதாசிக் கட்டு. அந்தத் தாள்களைப் பதிவாளர் வாங்கி, அடுத்த வகுப்பு நடக்கும் நாளில் முதல் வேலையாக எவை திருத்தப்பட்டன, எவை திருத்தப்படவில்லை என்று வாசிக்க வேண்டும்.