தாராப்பூரில் தோற்ற பேரம்

அடுப்பை விற்றவனிடமே விறகையும் முப்பது ஆண்டுக்கு வாங்குவதாக எழுதிக் கொடுத்தவன், அடுப்பின்முன் அமர்வதைவிட விற்றவன் வாயிலில் நிற்கும் பொழுதே மிகுதியாகும். தில்லி ஆட்சியாளர் 1963-இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட தாராப்பூர் உடன்படிக்கை அத்தகையதே.

மராட்டியக் கடற்கரையில் எழுந்த அவ்விரண்டு அணுவுலைகளும் செறிவூட்டிய உரேனியமின்றி இயங்கா. அதனைச் செறிவூட்டும் திறன் அன்று இந்தியாவிடம் இல்லை. உலை கட்ட அமெரிக்காவே 8 கோடி தாலர் கடனும் ஈந்தது; ஈந்தவன் எரிபொருளையும் தன்னிடமே வாங்கவேண்டுமென்றான்; இவர்களும் இசைந்தார்கள்.

வேறு வழியில்லை என்பாரும் உளர். வழி இருந்தது! இயற்கை உரேனியத்தால் இயங்கும் உலைக்கு அதே 1963-இன் இறுதியில் கனடாவோடு உடன்பட்டவர்களும் இவர்கள்தாமே? 1974-இல் கனடா கைவிரித்தபின்னும் அந்த இராசத்தான் உலைக்கு எரிபொருள் ஆக்க இந்திய அறிவியலாரால் இயன்றது. தாராப்பூருக்கு இயலவில்லை.

1974 மே 18-இல் பொக்ரானில் அணுவெடிப்பு நிகழ்ந்தது. அணு நிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டு ஆய்வுக்குத் திறவாத நாட்டிற்கு எரிபொருள் இல்லையென 1978-இல் அமெரிக்கா சட்டம் இயற்றிற்று. பதினைந்து ஆண்டுக்கு முன் இட்ட கையெழுத்தைப் பின்பிறந்த சட்டம் விழுங்குவது எவ்வூர் அறம்? 1980-இல் அந்நாட்டு அணுவாற்றல் ஒழுங்குமுறை ஆணையம் மறுத்தது. குடியரசுத் தலைவர் கார்ட்டர் 38 தொன் அனுப்ப ஆணையிட்டார். கீழவை அதனைத் தடுத்தது. மேலவையில் 48-க்கு 46 என இரண்டே வாக்கில் அவ்வாணை பிழைத்தது. மராட்டியத்தார், குசராத்தியர் வீட்டு விளக்கு எரியுமா அணையுமா என்பதை, அவர்கள் பெயரும் அறியாத மன்றொன்று எண்ணிச் சொன்னது!

1982-இல் இந்திரா காந்தியார் வாசிங்டன் சென்று மீண்டபின் பிரான்சு எரிபொருள் தந்தது. கட்டுப்பாடுகளோ 1963-இல் அமெரிக்கா விதித்தவையே. 1993-இல் உடன்படிக்கை முடியப் பிரான்சும் விலகிற்று. 1995-இல் கைநீட்டிப் பெற்றது எவரிடம்? 1962-இல் படையெடுத்த சீனத்திடம். அதன்பின் உருசியா.

சாம்பலின் கதை இன்னும் கொடிது. எரிந்து முடிந்த எரிபொருளைப் பிரித்துப் பயன்கொள்ள அமெரிக்கா இசையவில்லை. தன்னாட்டிற்கு எடுத்துச் செல்லவுமில்லை. ஆண்டுதோறும் அது தாராப்பூரின் நீர்த்தொட்டிகளிலேயே குவிந்துகொண்டிருந்தது.