சுவரும் மருந்தாகட்டும்!

காய்ச்சலென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மூதாட்டி, நள்ளிரவில் எழுந்து கழிப்பறையைத் தேடுகிறார். வரிசையாகக் கதவுகள், எல்லாம் ஒரே நிறம். விளக்கொளியில் பளபளக்கும் தரை அவருக்குத் தண்ணீராகத் தெரிகிறது. வாயிலிலே கிடக்கும் கறுப்புக் கால்மிதி பள்ளமாகத் தோன்றுகிறது. நடுங்கி நிற்கிறார், சேலை நனைகிறது. பொழுது விடிந்ததும், "தொல்லை பிடித்த கிழவி" என்ற பட்டம் கிடைக்கிறது. தோழர்களே, தொல்லை தந்தது யார்? மறதி நோயால் வாடும் அந்தத் தாயா? அவரை எண்ணிப் பாராமல் எழுப்பப்பட்ட கட்டடமா?

கட்டடந்தான் என்பதை இங்கிலாந்து உணர்ந்தது. ஏழைக்கும் செல்வருக்கும் கட்டணமின்றி மருத்துவம் என்று 1948 ஜூலை 5-இல் பொது மருத்துவத்தைத் தொடங்கிய நாடு அது. அந்நாட்டு மருத்துவமனைகளின் படுக்கைகளில் நான்கில் ஒரு பங்கு வரை மறதி நோயுற்ற முதியோர் இருக்கின்றனர் என்று 2009-இல் அங்குள்ள அல்சைமர் சங்கம் எடுத்துக்காட்டிற்று. அவ்வாண்டே அரசு அந்நோய்க்கென ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. லண்டனிலுள்ள கிங்ஸ் ஃபண்ட் என்னும் அறநிறுவனம், மருத்துவமனைகளோடு சேர்ந்து வார்டுகளைத் திருத்தி அமைக்க முனைந்தது.

மாளிகையா எழுப்பினர்? இல்லை. கழிப்பறைக் கதவுகள் அனைத்துக்கும் எடுப்பான ஒரே வண்ணம் தீட்டினர். ஊழியர் அறைக் கதவுகளைச் சுவரின் நிறத்திலேயே மறையவிட்டனர். வெள்ளைச் சுவரருகே வெள்ளை இருக்கை கண்ணுக்குப் புலப்படாதென்று, அதற்கு வேறு நிறம் தந்தனர். எழுத்தோடு படமும் கொண்ட பலகைகளைத் தாழ்வாக மாட்டினர். பளபளப்பற்ற தரை, பெரிய எண்கள் கொண்ட கடிகாரம், குறைந்த இரைச்சல், உறவினர் உடனிருக்க இடம் — இவ்வளவே!

"மருந்துக்கும் செவிலியருக்குமே பஞ்சம், வண்ணம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். வண்ணம் செவிலியருக்கு ஈடாகாது, உண்மை. ஆனால் சுவருக்கு எப்படியும் சுண்ணமடிக்கிறோம், தரைக்கு எப்படியும் கல் பதிக்கிறோம். அதை அறிந்து செய்வதற்கும் அறியாமற் செய்வதற்கும் செலவிலே பெரிய வேறுபாடில்லை, விளைவிலேதான் வேறுபாடு. தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் அதற்கும் அல்லவா வைத்தியம் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. முதியோருக்கெனத் தனி மருத்துவமனை வேண்டியதே. ஆயினும் இவர்களிற் பலர் காய்ச்சலென்றும் எலும்பு முறிவென்றும் வந்து சேருவது ஊர்ப் பெரியாஸ்பத்திரியின் பொது வார்டுக்கன்றோ? பணம் படைத்தவருக்குத் தனியறையும் தனித் துணையும் உண்டு. ஏழைக்கு அந்த வார்டு ஒன்றே கதி.

ஆகவே நம் கோரிக்கை எளியது. இனிக் கட்டும் ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும், பழுது பார்க்கும் ஒவ்வொரு வார்டுக்கும் இவை விதிகளாக வேண்டும். தோழர்களே! அடுத்த முறை நோயாளியைக் காண மருத்துவமனைக்குச் செல்லும்போது, கழிப்பறை எங்கே என்று யாரையும் கேளாமல் தேடிப் பாருங்கள். நினைவு தவறாத நமக்கே அது தென்படவில்லையெனில், அடுத்த கிளைக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய தீர்மானம் எதுவென்று சொல்லவும் வேண்டுமோ?