வீடு யார் பெயரில்?

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்தால் கொல்லிமலை. அங்குள்ள 14 நாடுகளில் ஒன்று தேவனூர் நாடு.

இந்த மலையில் வீடு கட்டுவது எளிதான காரியம் அல்ல. சிமெண்டும் கம்பியும் கீழே இருந்து லாரியில் வரவேண்டும். லாரி போகாத ஊராக இருந்தால் தலைச்சுமைதான். கணவன் மண் வெட்டினால் மனைவி கூடையில் அள்ளுகிறாள். அவன் சுவர் எழுப்பினால் அவள் தண்ணீர் சுமக்கிறாள்.

வீடு எழும்பிவிட்டது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சியும் ஆகிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. அந்த வீடு யாருடையது?

"இருவருடையதும்தான்!" என்று எல்லோரும் சொல்வார்கள். வாய் அப்படிச் சொல்கிறது. காகிதம் என்ன சொல்கிறது? இன்று நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பங்கு வீடு

ஒரு வீட்டைப் பங்கு போட்டுச் சொந்தமாக்கிக் கொள்ளும் முறை உலகில் பல இடங்களில் உண்டு.

இங்கிலாந்தில் முழு வீட்டையும் வாங்கப் பணம் இல்லாதவர் ஒரு பங்கை மட்டும் வாங்கலாம். வீட்டின் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 ரூபாய்ப் பங்கை அவர் வாங்குகிறார். மீதி 75 ரூபாய்ப் பங்கு, வீட்டைக் கட்டிய சங்கத்துக்குச் சொந்தம். அந்தப் பங்குக்கு அவர் வாடகை கொடுக்க வேண்டும். கையில் பணம் சேரச் சேர, மேலும் பங்கு வாங்கிக் கொள்ளலாம். படிப்படியாக வாடகைக் குடி வீட்டுக்காரர் ஆகிறார்.

நம் நகரங்களில் தவணை முறை உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வீட்டு வசதி வாரியம் வீடுகளைத் தவணையில் விற்று வந்திருக்கிறது. குடும்பம் வீட்டில் குடியிருக்கும்; மாதாமாதம் பணம் கட்டும். ஆனால் கடைசித் தவணையும் கட்டி முடித்த பிறகுதான் விற்பனைப் பத்திரம் கைக்கு வரும்.

அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு அடி நிலத்தில் 'பிரிபடாத பாகம்' எழுதித் தருவார்கள். அவருடைய பாகம் எவ்வளவு என்பது பத்திரத்தில் இருக்கும்.

எந்த ஊர் முறையானாலும் பாடம் ஒன்றுதான். பங்கு என்பது பேச்சில் இருந்தால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும்.

மலைக்கு வந்த சட்டம்

மலையில் உள்ள குடும்பங்களுக்கும் ஒரு பங்குச் சட்டம் உண்டு. அதுதான் 2006-ஆம் ஆண்டு வந்த வன உரிமைச் சட்டம்.

2005-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருந்தோ பயிர் செய்தோ வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அந்த நிலத்தின் மீது உரிமை கொடுக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. கைவசம் உள்ள நிலம் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேல் கிடையாது.

இச்சட்டத்தில் நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. மணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பதிவாக வேண்டும்!

இந்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் பிறருக்கு விற்க முடியாது. மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "நிலம் உன்னுடையது, கட்டடம் என்னுடையது, ஆளுக்குப் பாதி" என்று யாராவது காகிதம் நீட்டினால், கைநாட்டு வைக்காதீர்கள். அந்தப் பங்கு செல்லாது.

சர்க்கார் வீட்டுத் திட்டத்திலும் இதே நியாயம் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம வீட்டுத் திட்டத்தின் விதிப்படி, வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒதுக்கப்பட வேண்டும். அல்லது மனைவி பெயரில் மட்டும் ஒதுக்கலாம்.

ஏன் இத்தனை கவலை?

"நாங்கள் என்ன பிரியவா போகிறோம்? பெயர் எதற்கு?" என்று சில ஆண்கள் கேட்கலாம்.

பிரிவதற்காக அல்ல, ஐயா! உங்களுக்குப் பிறகும் உங்கள் மனைவி அந்தத் திண்ணையில் உட்கார வேண்டும் அல்லவா? அதற்காக.

சமவெளியில் இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு வாரிசுச் சட்டம் துணை நிற்கிறது. கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டம் வந்தது. ஆனால் அட்டவணைப் பழங்குடியினருக்கு அந்த இந்து வாரிசுச் சட்டம் தானாகப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதைச் சுட்டிக்காட்டியது. பழங்குடிப் பெண்ணுக்குச் சம பங்கு மறுப்பதில் நியாயம் இல்லை என்று கூறி, சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

கொல்லிமலையின் மலையாளி மக்கள் அட்டவணைப் பழங்குடியினர். ஆகவே கணவன் இறந்தபின் பங்கு கேட்கும் பெண், ஊர் வழக்கத்தை நம்பி நிற்க நேரிடலாம். வழக்கம் தெரிந்த பெரியவர்கள் நல்லவர்களாக இருந்தால் சரி. இல்லாவிட்டால்? கூடையில் மண் சுமந்து கட்டிய வீட்டுக்கு அவளே விருந்தாளி ஆகிவிடுவாள்.

பத்திரத்தில் அவள் பெயர் இருந்தால் அந்தப் பயம் குறையும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், வீட்டில் உள்ள காகிதத்தை எடுத்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் பெயர் இருக்கிறது?

வன நிலமானால், உரிமைக்கான மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். மனுவிலேயே மனைவியின் பெயரும் இருக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள். அன்று ஆண்கள் மட்டும் போனால் போதாது. பெண்களும் போய் முன் வரிசையில் உட்காருங்கள்.

சொந்தப் பட்டா நிலமானால், மனைவிக்கு ஒரு பங்கைத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்யலாம். பிறகு கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுக்கலாம். சர்க்கார் நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலமானால், தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "குடும்பத் தலைவர் பெயர் போதும்" என்று எழுதி அனுப்புவது சுலபம். ஆனால் சட்டம் இரண்டு பெயர் கேட்கிறது. இரண்டையும் எழுதுங்கள்.

தேவனூர் நாட்டில் மட்டும் அல்ல, எந்த ஊரிலும் வீட்டின் பாரத்தை இருவரும் சுமக்கிறார்கள். பாரத்தில் பாதி சுமந்தவளுக்குப் பத்திரத்தில் ஒரு வரி கொடுப்பது தர்மம் அல்ல. அவளுக்குச் சேர வேண்டிய கடன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுங்கள்!