பீடமும் பேசும்

மேசைமீது போர்க்களம் அமைத்து, சிற்றுருவங்களை நகர்த்தி ஆடும் விளையாட்டு இங்கிலாந்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக வழங்கி வருகிறது. பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடுவதற்குரிய விதிகளை எச்.ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் 1913ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். 1983இல் வெளிவந்த 'வார்ஹாமர்' இவ்விளையாட்டைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. இதில் இடம்பெறும் வீரன் ஏறத்தாழ 3 செ.மீ. உயரமே உடையவன். அவன் நிற்கும் வட்டப் பீடம் பெரும்பாலும் 25 அல்லது 32 மி.மீ. விட்டமுடையது. உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் ஆடுவோரின் பணியே.

வீரனின் கண்ணுக்கும் வாளின் முனைக்கும் பல மணி நேரம் செலவிடுவோருள் சிலர், பீடத்தை வெறுமனே விட்டுவிடுகின்றனர். "காண்போர் வீரனைத்தானே நோக்குவர்? பீடத்திற்கு ஏன் இத்தனை உழைப்பு?" என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

ஆடுவோர் மேசையருகே நின்று களத்தை மேலிருந்து காண்கின்றனர். அவ்வாறு காணும்போது வீரனின் முகத்தைவிடப் பீடத்தின் பரப்பே கண்ணில் மிகுதியாகப் படும். மேலும், வீரன் எந்நிலத்தில் நிற்கிறான் என்பதைச் சொல்வது பீடமே. ஒரே அச்சில் வார்த்த வீரன், வெண்மை தூவிய பீடத்தில் பனிநாட்டவன் ஆவான். செம்மண் பீடத்தில் வறண்ட நிலத்தவன் ஆவான். வெவ்வேறு நாள்களில் தீட்டிய இருபது உருவங்களை ஒரே படையாகக் காட்டுவதும் பீடங்களின் ஒற்றுமையே.

பீடத்தின் அருமை தமிழர்க்குப் புதியதன்று. சோழர்காலச் செப்புத் திருமேனிகளின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் உள்ளன. உலாவின்போது திருமேனியைத் தண்டுகளோடு பிணைத்துச் சுமப்பதற்கு அவை உதவின. சிற்றுருவத்திற்கும் இது பொருந்தும். பீடத்தைப் பிடித்து நகர்த்தினால் வீரனின் வண்ணம் விரல்பட்டுத் தேயாது. நவராத்திரிக் கொலுவில் படிகளின் அருகே மண் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா அமைக்கும் பிள்ளைகளும் பொம்மைகளுக்கு நிலம் தருகின்றவர்களே.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கடையில் விற்கும் விலையுயர்ந்த மண்சாந்தைவிட, வாழும் ஊரின் மணலே சிறந்தது. அதனைச் சலித்து, கழுவி, உலர்த்திக்கொள்ள வேண்டும். பீடத்தில் வெள்ளைப் பசையைத் தடவி, மணலைத் தூவி, ஓர் இரவு உலரவிட வேண்டும். பின்னர் அடர்பழுப்பு வண்ணத்தை முழுவதும் பூசுதல் வேண்டும். அது காய்ந்தபின், தூரிகையில் தோய்த்த வெளிர்பழுப்பைத் துணியில் துடைத்து, எஞ்சிய சிறிதளவைக் கொண்டு மேலோட்டமாகத் தேய்த்தால், மணலின் மேடுகள் ஒளிபெறும், பள்ளங்கள் இருண்டிருக்கும். இறுதியில் இரண்டொரு புல்திட்டுகளை ஒட்டலாம்.

அளவு மீறுதலும் குற்றமே. பாறை, மரக்கட்டை, மண்டையோடு என அனைத்தையும் ஒரு பீடத்தில் குவித்தால் வீரன் மறைந்துபோவான். வீரனின் உடை கருமையாயின் நிலம் வெளிறியிருத்தல் நலம். உடை வெளிறியதாயின் நிலம் கருத்திருத்தல் நலம்.

பலர் கைவிடுவது விளிம்பையே. அங்குச் சிந்திய வண்ணமும் ஒட்டிய மணலும் அப்படியே கிடக்கும். விளிம்பைச் சுரண்டித் தூய்மை செய்து, படை முழுவதற்கும் ஒரே நிறத்தைச் சீராகப் பூசுவதற்கு ஓர் உருவத்திற்குச் சில மணித்துளிகளே ஆகும். அச்சில மணித்துளிகளையும் தந்த பின்னரே வீரனைக் களத்தில் நிறுத்துதல் முறையாகும்.

சிந்தித்து எழுதுக:
1. பீடத்திற்கு உழைப்பு வேண்டா என்போரின் வாதத்தை ஆசிரியர் எவ்வாறு மறுக்கிறார்?
2. நீ வாழும் ஊரின் நிலத்தை ஒரு சிறு பீடத்தில் காட்ட வேண்டுமெனில், எவற்றைச் சேர்ப்பாய்? எவற்றை விடுவாய்?