பக்கத்து சீட்டு யாருக்கு?

2021 தேர்தல்ல அதிமுக ஜெயிச்சது 66 இடம். எடப்பாடி பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவர், ஓபிஎஸ் துணைத் தலைவர். 2022 ஜூலையில் ஓபிஎஸ்ஸைக் கட்சியை விட்டே நீக்கிட்டாங்க. ஆனா சட்டசபையில் அவர் சீட்டு மட்டும் எடப்பாடி பக்கத்துலயே இருந்துச்சு. சபாநாயகருக்குக் கடிதம், சபையில் அமளின்னு இழுத்து, 2024 பிப்ரவரியில்தான் மாறுச்சு.

ப்ராஜெக்ட் பேட்ச்ல ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா, ரிவ்யூல போறது நாலு பேரோட மார்க். சபையில் போறது நம்ம கேள்வி. ஃபீஸ், காலிப் பணியிடம், வேலைவாய்ப்புன்னு ஆளுங்கட்சியை நிறுத்திக் கேட்க வேண்டியவர் எதிர்க்கட்சித் தலைவர்தானே?

கட்சியைக் கையில் வெச்சுக்கிறது ஒரு வேலை, சபையில் கேள்வி கேட்கிறது இன்னொரு வேலை. அமைச்சர் அந்தஸ்து கொடுத்திருக்கிறது ரெண்டாவது வேலைக்குத்தான்.