எவர் மொழியை எவர் கற்பது?

கொரியப் பாட்டுக் கேட்டு நம் பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர் என்ற கூக்குரல் ஆசிரியர் ஓய்வறைகளிலும் கலைவிழா மேடைகளிலும் ஓங்கி ஒலிக்கின்றது. எதிர்ப்புறத்தே, இசைக்கு மொழியுமில்லை எல்லையுமில்லை, கேட்டு மகிழ வேண்டியதுதானே என்று புன்முறுவல் பூக்கும் இரசிகப் பெருமக்கள் நிற்கின்றனர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். பாட்டைப் பார்க்கின்றனர், அதனை அனுப்பி வைக்கும் கையைப் பார்க்க மறுக்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டை ஆராய்வோம். 2020 ஜூலையில் பி.டி.எஸ். என்னும் எழுவர் கொண்ட கொரிய இளைஞர் குழு ‘மேப் ஆஃப் த சோல்: 7 – த ஜர்னி’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. பாடியோர் கொரியர். பாடல்களிற் பெரும்பாலானவை முன்னரே கொரிய மொழியில் வெளிவந்தவை. தொகுப்பின் மொழியோ ஜப்பானியம்! முதல் வாரத்திலேயே ஜப்பானில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதே ஆண்டு அக்டோபரில் அக்குழுவை நடத்தும் நிறுவனம் பங்குச் சந்தையில் ஏறியது.

கொரியரின் நாவில் ஜப்பானிய மொழி ஏறுவது இது முதன்முறையன்று. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடாக இருந்தது. பிற்காலத்தில் பாடசாலைகளிலிருந்து கொரிய மொழி வெளியேற்றப்பட்டது. 1940இல் மக்கள் தம் பெயர்களையே ஜப்பானிய முறையில் மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். 1942இல் கொரிய அகராதி தொகுத்த அறிஞர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இருவர் அங்கேயே மாண்டனர். பறிமுதல் செய்யப்பட்ட அகராதியின் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பின் சியோல் புகையிரத நிலையக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டது. இந்த வடு காரணமாகவே, விடுதலை பெற்ற கொரியா ஜப்பானியப் பாடல்களுக்கு நெடுங்காலம் கதவடைத்திருந்தது. 1998இல் தடை படிப்படியாகத் தளரத் தொடங்கி, 2004இல்தான் ஜப்பானிய மொழி இசைத்தட்டுகள் அங்குத் தாராளமாக விற்க வழி பிறந்தது.

ஜப்பானிய மொழி குற்றவாளியன்று. எந்த மொழியும் குற்றவாளியன்று. அம்மொழியில் பாடிய இளைஞர்களைத் துரோகிகள் என்பதும் மூடத்தனமே. அன்று துப்பாக்கி செய்யாததை இன்று ஒப்பந்தப் பத்திரம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது, ஏன்? சந்தை பெரிது, ஆகவே அதன் மொழி இனிது! இதுவே மூலதனத்தின் மொழிக்கொள்கை. அதற்குத் தாய்மொழியும் இல்லை, மாற்றான் மொழியும் இல்லை. வாங்குவோனின் மொழி ஒன்றே உண்டு.

அந்த மொழிக்கு ஒரு விலையும் உண்டு. 2018 நவம்பரில், இக்குழுவினர் ஒருவர் முன்னர் அணிந்த சட்டையில் கொரிய விடுதலையைக் குறிக்கும் சொற்களும் அணுகுண்டுப் புகைப்படலமும் இருந்தமை சர்ச்சையாக, ஜப்பானியத் தொலைக்காட்சி நிலையமொன்று அவர்களது நிகழ்ச்சியை இரத்துச் செய்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அணுகுண்டால் வெந்தோர் முன் தலைகுனிந்தது முறையே. ஆனால் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வெந்தவர்களுள் பல்லாயிரம் கொரியரும் இருந்தனர். கட்டாய உழைப்புக்கு ஆளான கொரியருக்கு ஜப்பானிய உருக்கு நிறுவனம் இழப்பீடு தரவேண்டுமென்று கொரிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. சந்தையின் மேடையில் அந்த உழைப்பாளிகளைப் பற்றிப் பாட எவருக்கும் இடமில்லை.

இது தூரதேசத்துக் கதையென்று புளத்கொகுபிட்டியவின் தோட்டப் பாடசாலையொன்றில் இருந்து இதனைப் படிக்கும் ஆசிரியர் எண்ண வேண்டாம். றப்பரும் தேயிலையும் வளர்ந்த இம்மலைச் சரிவுகளில் மூலதனம் தமிழே கற்றது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தமிழ்க் கைந்நூல் அச்சிட்டார்கள். அதன் பெயர் ‘இங்கே வா’. பெயரே கட்டளை! நம் மொழியை அவர்கள் கற்றது நம்மோடு உரையாடுவதற்கன்று, நம்மை ஏவுவதற்கு.

இன்றோ காட்சி தலைகீழாகிவிட்டது. 2004இல் கொரியா வகுத்த அயல்நாட்டுத் தொழிலாளர் அனுமதித் திட்டத்தின் கீழ் அங்கு வேலைக்குச் செல்ல விரும்பும் இலங்கை இளைஞன் கொரிய மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். கொரிய இளைஞன் பாட்டை விற்க ஜப்பானியம் கற்கிறான். இலங்கை இளைஞன் கையுழைப்பை விற்கக் கொரியம் கற்கிறான். இந்த ஏணியின் படிகளைக் காட்டாமல், அவன் காதில் ஒலிக்கும் பாட்டைப் பழிப்பதால் யாது பயன்?

இனி, நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அயலிலுள்ள றுவன்வெல்லையும் யட்டியாந்தோட்டையும் இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேராவைப் பல்லாண்டு தேர்ந்தெடுத்த தொகுதிகள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி வற்புறுத்தப்பட்டால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர் அவருடைய தோழர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே கொல்வின் 1972இல் வரைந்த அரசியலமைப்புச் சிங்களத்தையே அரச மொழியாக நிறுத்தியது. இந்த வரலாற்றை இடதுசாரி ஆசிரியர்கள் மறைக்கக் கூடாது. மறைத்தால் மாணவன் நம்மை நம்பான். 1987இல் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்பட்டது. இருபதாண்டுகள் கழித்து, 2007இல், புதிதாகச் சேரும் அரச ஊழியர் இரண்டாம் மொழியையும் கற்க வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. ஏட்டில் எழுதியது எழுத்தாகவே நிற்க, தனக்கு விளங்காத படிவத்தோடு துணைக்கு ஆள் தேடும் தோட்டத் தொழிலாளியை இன்றும் காண்கிறோம்.

2016 மே மாதத்தில் புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயங்களின் மீது மலை சரிந்தது. உழைப்பாளர் குடும்பங்கள் மண்ணுள் புதைந்தன. இத்தகைய மண்ணில் வாழ்வோருக்கு மண்சரிவு எச்சரிக்கையும் காணி உறுதியும் இழப்பீட்டு விண்ணப்பமும் உயிரோடு ஒட்டிய சொற்கள். அவை விளங்கும் மொழியில் வருவது சலுகையன்று, உயிர்க்காப்பு. ஒரு பாட்டுக்குழு வாங்குவோனின் மொழியை வருந்திக் கற்கிறது. இம்மக்களின் உழைப்பால் அந்நியச் செலாவணி ஈட்டிய அரசு அவர்களின் மொழியைக் கற்க ஏன் தயங்குகிறது? அவர்கள் வாங்குவோர் அல்லர், உழைப்போர் என்பதாலா?

ஆதலால், ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! கைப்பேசியைப் பிடுங்குவது பண்பாட்டுப் பணியன்று. அப்பாட்டையே வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். யார் பாடினார், யார் மொழியில், யாருக்கு இலாபம் என்று கேளுங்கள். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களை அதனருகே வையுங்கள். லயங்களில் முதியோர் நாவில் எஞ்சியிருப்பதை நீங்களும் திரட்டுங்கள். அயற்கிராமத்துச் சிங்களத் தோழனிடம் சிங்களம் கற்றுக்கொண்டு, அவனுக்குத் தமிழ் கற்பியுங்கள். பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்டு நிற்பவரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஏவுவதற்கும் விற்பதற்கும் மொழி கற்ற காலம் நெடிது. சமமாக அமர்ந்து ஒருவரையொருவர் கேட்பதற்குக் கற்கும் காலத்தை நாமே தொடங்கியாக வேண்டும்.